காலித் துறையில் முப்பத்தெட்டு நாட்கள்

கடல் என்றால், நுகேகொடைவாசிகளாகிய எங்களுக்கு, வெள்ளவத்தைப் புகையிரத மேடையில் நின்று கண்ணுறும் ஒரு நீலக் கோடு மாத்திரமே. முன்னோர் வல்வெட்டித்துறையிலிருந்து கப்பலோட்டியவர்கள் என்று பெருமை பேசுவோமேயன்றி, தோணியிற் காலை வைத்தால் தலை சுற்றும் இனத்தைச் சேர்ந்தவர்கள் நாங்கள். அத்தகைய எங்களைக் காலித் துறைமுகத்து வாயிற்காவலர்கள் முகமறிந்து புன்னகை செய்யும் அளவுக்குப் பழக்கிவிட்டது, ஒரு சாண் நீளமும் இல்லாத ஓர் உருக்கு அச்சு.

மெல்பேர்ணிற் பொறியியலாளனாக இருக்கும் எங்கள் ஏக புதல்வன், 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓராண்டு விடுமுறை பெற்று, பினாங்குத் தமிழ் நண்பர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, மலேசியாவின் லங்காவித் தீவிலே முப்பத்தாறு அடிப் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கினான். லங்காவியிலிருந்து காலி, காலியிலிருந்து மாலைதீவு, பின்னர் நடுக்கடலைக் கடந்து சீஷெல்ஸ் என்பது அவர்கள் வகுத்த வழி. காலியிலே ஐந்து நாட்கள் தங்குவதாகத் திட்டம். அதற்கு முன் ஆறு ஆண்டுகளில் அவன் எங்கள் வீட்டிற் படுத்துறங்கியது மொத்தம் பதினொரு இரவுகள். கணக்கு வைத்திருப்பவர் எங்களுள் யார் என்று தாய்மாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2018ஆம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு மறுநாள், ஜனவரி 15ஆந் திகதி படகு வந்தது. வந்தது என்பதைவிட, இழுத்து வரப்பட்டது என்பதே பொருந்தும். கரைக்குச் சில மணி நேரத் தொலைவில் எஞ்சின் கொதித்து நின்றுவிட, பாயின் உதவியால் துறைவாயில் வரை வந்து, அப்பால் மீன்பிடிப் படகொன்றின் கயிற்றைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பின் அச்சு தேய்ந்து, நீரைத் தடுக்கும் வளையமும் கிழிந்திருந்தது.

பாய்ப்படகுக்கு எஞ்சின் எதற்கு என்று நாங்களும் கேட்டோம். துறைக்குள் நுழையவும் வெளியேறவும் அது வேண்டும். விளக்குகளுக்கும் திசைகாட்டும் கருவிகளுக்கும் மின்னூட்டவும் வேண்டும். அனைத்திலும் மேலாக, பூமத்திய ரேகையை அண்டிய கடலிலே காற்றே வீசாத நாட்கள் உண்டு. அங்கே எஞ்சினின்றிப் போய் அகப்பட்டால் நீரையும் அரிசியையும் எண்ணிக்கொண்டு மிதக்க வேண்டியதுதான். காற்றிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வாடைக்காற்று மார்கழி முதல் பங்குனி வரை மேற்கே போகிறவனைத் தள்ளிச் செல்லும். சோளகம் எழுந்துவிட்டால் அதுவே எதிர்த்து நிற்கும். ஆகவே பழுது பார்ப்பதற்கு ஒரு கெடு இருந்தது.

துறைமுகத்துக்கு அண்மையிலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். மகரகமைக்குச் சென்று அதிவேகப் பாதைப் பேருந்தில் ஏறினால் அதிக நேரமின்றிக் காலி வந்துவிடும். வாரத்தில் இரு நாட்கள் வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, துளசிக்கு நீரூற்றி, தூக்குச்சட்டிகளை நிரப்பிக்கொண்டு மீளுவோம். பகலிலே நுழைவுச் சீட்டுப் பெற்றுப் படகடிக்குச் செல்லலாம். மாலையில் வெளியேறிவிட வேண்டும்.

அந்தத் துறையிலே காத்திருந்தவர்கள் நாங்கள் மாத்திரமல்லர். மயிர் நரைத்த பிரெஞ்சுத் தம்பதியர் பாய்மரத்துக் கம்பிக்காகக் காத்திருந்தனர். வேறொருவர் மின்கல அடுக்குக்காக. கடற்பயணம் என்பது அழகிய ஊர்களிலே படகு திருத்துவதற்கு இட்ட மறுபெயர் என்பது இக்கூட்டத்தார் தமக்குள் வழங்கும் பகிடி. எவரும் பொறுமை இழந்ததாகக் காணவில்லை. ஒருவர் திருகாணியை மற்றவர் கடன் வாங்குவதும், ஒருவர் தேநீரை மற்றவர் அருந்துவதுமாக, நுகேகொடையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வருடத்திற் காணாத அயலுறவை அங்கே பத்து நாளிற் கண்டோம்.

காலி, காத்திருப்போருக்குப் பழகிய ஊரே. கொழும்பிலே 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அலைதடுப்புச் சுவர் எழும்பும் வரை, ஐரோப்பாவிலிருந்து வந்த தபாற்கப்பல்கள் இங்கேதான் நங்கூரமிட்டன. அதற்கும் முன்னே சீனத் தளபதி செங் ஹோ கொணர்ந்த கல்லொன்று 1911இல் இவ்வூரிலேதான் கண்டெடுக்கப்பட்டது. 1409ஆம் ஆண்டுத் திகதியுடைய அக்கல், சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியிலும் பேசுவது. இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. பினாங்கு நண்பர் அதைப் பார்க்கவேண்டும் என்று ஒரு நாள் எங்களுடன் கொழும்புக்கு வந்து, அதன் முன்னே நெடுநேரம் நின்றார்.

அவர் கேட்டுத்தான் ‘அன்னபூரணி’யின் கதையையும் சொன்னோம். வல்வெட்டித்துறையிலே எங்கள் ஊர்க் கம்மியர் கட்டிய பாய்க்கப்பல் அது. சிறு படகொன்றில் உலகைச் சுற்றிவந்த வில்லியம் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வை மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்காவின் குளோஸ்ரர் துறையில் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டில் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் தண்டயலின் திறமையையும் மரத்தின் உறுதியையும் பேசுவதே வழக்கம். அன்று படகின் மேற்றளத்தில் அமர்ந்து சொல்லுகையிலேதான், அம்மாலுமிகளின் தாய்மார் அத்தனை மாதங்களையும் எவ்வாறு கழித்தார்கள் என்பதை நாங்கள் ஒருபோதும் கேட்டறியவில்லை என்பது உறைத்தது. கேட்கலாமென்றால் இப்பொழுது யார் இருக்கிறார்கள்?

புதிய பம்புக்குச் சிங்கப்பூரிலிருந்து ஆகாய மார்க்கமாகச் சொல்லியிருந்தான். அதைக் கட்டுநாயக்காவிலிருந்து மீட்டு வரும் பொறுப்பு எங்களுடையது. ஜனவரி 30ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை, நாங்கள் நுகேகொடையில் இருந்தபோது காலையிலேயே தொலைபேசியில் அழைத்தார்கள். பொதி வந்துவிட்டது, கடிதங்கள் யாவும் சரி, பிற்பகலிலேயே வந்து பெறலாம் என்றார்கள்.

இனிச் சொல்வதை நாங்கள் வேறு எவருக்கும் சொன்னதில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மறுநாள் பௌர்ணமி விடுமுறை. இன்று போனால் நாளை படகு திருந்தத் தொடங்கிவிடும், போகாவிட்டால் வியாழன். கலந்து பேசவில்லை, தீர்மானித்தோம் என்றும் சொல்வதற்கில்லை. ஒருவர் பிட்டுக்கு மாக் குழைக்கத் தொடங்கினார், மற்றவர் தேங்காய் துருவ அமர்ந்தார். மாலையிலே மகனை அழைத்து, “தம்பி, வியாழக்கிழமைதான் வரச்சொல்லியிருக்கினம்” என்றோம். நாற்பது வருடம் அரசாங்க உத்தியோகத்தில் ஒரு பொய்க் கையெழுத்து வைத்திராதவர்கள்!

மறுநாள் மாலை மகனோடும் நண்பரோடும் காலிக் கோட்டையின் கொத்தளத்தில் அமர்ந்திருந்தோம். அன்று முழுச் சந்திர கிரகணம். கிரகணம் பிடித்தபடியே உதித்த சந்திரன், குடாவுக்கு அப்பால் ரூமஸ்ஸல மலைக்கு மேலே செம்பு நிறமாக ஏறி வந்தான். கிரகண வேளையிற் சாப்பிடக்கூடாது என்று பாட்டி சொன்னதை மகனே நினைவூட்டினான். பின்னர் அவனே பிட்டுச் சட்டியையும் திறந்தான். பத்து வயதில் வெள்ளவத்தைக் கரையிலே தான் தொலைத்த செருப்பைப் பற்றியும், மெல்பேர்ணில் முதல் வருடம் எவருடனும் பேசாமல் இருந்த மாதங்களைப் பற்றியும் சொன்னான். முன்னது எங்களுக்குத் தெரியும். பின்னது தெரியாது. சந்திரனின் ஓரம் வெளுக்கத் தொடங்கியபோது பேச்சை நிறுத்திவிட்டான்.

வியாழனன்று பெற்று வந்த பொதியைப் பிரித்தால், உள்ளே இருந்த பம்பு வேறு அளவினது! மகிழ்ந்தோமா வருந்தினோமா என்று கேட்கவேண்டாம். மறுபடி வரவழைக்க நாளில்லை என்று, மீன்பிடிப் படகுகளுக்கு வேலை செய்யும் கடைசற் பட்டறை பாஸ் ஒருவரிடம் பழைய அச்சைக் கொண்டுபோனோம். அவர் அதனை விரலால் உருட்டிப் பார்த்து, “ஹெட” என்றார். சிங்களத்தில் ‘நாளை’ என்று பொருள். அந்தச் சொல்லைப் பின்னர் ஒன்பது தடவை கேட்டோம்.

அவரிடம் குறை காண இயலவில்லை. பட்டறை வாயிலில் பலநாட் படகுக்காரர் வரிசையாக நின்றனர். “மாத்தயா, அந்தப் படகு ஒரு நாள் நின்றால் ஆறு வீட்டில் அடுப்பெரியாது. உங்கள் மகன் உலாவப் போகிறவர்தானே?” என்றார். நியாயந்தானே! பெப்ரவரி 10ஆந் திகதி உள்ளூராட்சித் தேர்தல் என்று அதற்கும் இரு நாட்கள் பட்டறை பூட்டிக் கிடந்தது. கடைசியில் ஒரு பிற்பகல், துருப்பிடியா உருக்குக் கோலொன்றைக் கடைசலில் ஏற்றி, மயிரளவு மயிரளவாகச் சீவி, அளந்து, மீண்டும் சீவி, பழையதை விடச் செம்மையாக ஓர் அச்சைக் கடைந்து தந்தார். மகன் மூன்று மணி நேரமும் அவர் தோளருகே நின்று பார்த்தான். கூலியாக அவர் கேட்ட தொகை, நாங்கள் கட்டுநாயக்காவுக்குச் சென்று வந்த வாடகைக் காரின் கூலியிலும் குறைவு.

பெப்ரவரி 21ஆந் திகதி இரவு, கடைசி இரவுணவின் போது மனம் பொறுக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை விஷயத்தை மகனிடம் சொல்லிவிட்டோம். அவன் சோற்றிலிருந்து கண்ணெடுக்காமல், “தெரியும் அம்மா. பொதி வந்ததை எங்கட முகவர் அன்றைக்குக் காலமையே சொல்லிப்போட்டார்” என்றான். சிறிது பொறுத்து, “நானே கட்டுநாயக்காவுக்குப் போயிருக்கலாந்தானே” என்றான். பினாங்கு நண்பர் தண்ணீர்க் குவளையைத் தூக்கிக்கொண்டு அப்பாற் சென்றுவிட்டார்.

மறுநாள் அதிகாலை புறப்பட்டார்கள். துறையில் நின்று வழியனுப்ப மனமில்லாமல் கோட்டைக் கொத்தளத்துக்கு விரைந்தோம். பாய் விரிக்காமல், எஞ்சினின் துணையால் படகு குடாவைக் கடந்து வந்தது. நடுவழியில் அதன் வேகம் தளர்ந்தது. தளர்ந்து, மெல்ல மெல்லத் திரும்பி, கரையிலிருந்து வீசிய காற்றுக்கு எதிராக, எங்களை நோக்கி முகம் வைத்து நின்றது. மீண்டும் பழுதோ? நாங்கள் மூச்சு விடவில்லை. ஒருவர் கையை ஒருவர் பற்றியிருந்தோம்; முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

வெண்பாய் பாய்மரத்தில் ஏறியது. காற்றை வாங்கி நிமிர்ந்தது. படகு மேற்கே திரும்பிற்று.