முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்



போன வாரம் என்னிடம் படித்த ஒருத்தி போன் செய்தாள். அவள் மகளுக்குப் பதினொரு வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. "டீச்சர், இவ வயசுக்கு வந்துட்டா எப்படிச் சமாளிப்பேன்? கர்ப்பப்பையை எடுத்துடச் சொல்றாங்க" என்று அழுதாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். படிக்கக் கூச்சமாக இருக்கலாம். நான் கூச்சப்பட்டதில்தான் ஒரு குழந்தை தவித்தாள்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில் அப்படி ஒரு பெண். எழுத்து வராது, ஆனால் நான் கேட்கும் முன்பே சாக்பீஸ் கொண்டுவந்து வைப்பாள். மற்ற பெண்களுக்கு மாதவிலக்கைப் பற்றிச் சொன்னபோது இவளை வெளியே விளையாட அனுப்பிவிட்டேன். இவளுக்கு என்ன புரியப்போகிறது என்ற எண்ணம். மூளை வளர்ச்சி மெதுவாக இருந்தாலும் உடம்பு பெரும்பாலும் அதன் வயதில் வளர்ந்துவிடும். ஒரு நாள் கழிப்பறையிலிருந்து அலறல். "டீச்சர், நான் செத்துடுவேனா?" என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். ஆரத்தித் தட்டில் சிவப்புத் தண்ணீரைப் பார்த்ததும் மறுபடி அலறினாள்.

அதன்பிறகுதான் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியை ஒருவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அதே தண்ணீரை நாப்கினில் ஊற்றி, "இப்படித்தான் வரும், வலிச்சா சொல்லு, பயப்படாதே" என்று முன்பே காட்டுவோம். வயதுக்கு வருவதற்கு முன்பே கொஞ்ச நேரம் வைத்துப் பழக்குவோம். எடுப்பது, காகிதத்தில் சுற்றுவது, கூடையில் போடுவது, கை கழுவுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட அட்டை. ஒன்று பழகிய பிறகே அடுத்தது. ஒரு பெண்ணுக்கு நான்கு மாதம் ஆனது. காலண்டரில் சிவப்புப் பொட்டு ஒட்ட மட்டும் யாரும் சொல்லவே வேண்டாம்!

பையன்களை நாம் மறந்தே போகிறோம். எட்டு வயதில் எல்லோரையும் கட்டிப்பிடித்தவனைக் கொஞ்சினோம். பதினாறு வயதில் அதையே பஸ்ஸில் செய்து அடி வாங்கி வந்தான். அவனுக்கு வணக்கம் சொல்லப் பழக்கினார் எங்கள் விளையாட்டு ஆசிரியர். இரவில் உடை நனைவது நோயல்ல, தனியாகச் செய்வதைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்பதையும் அவர்தான் பொறுமையாகச் சொன்னார்.

இன்னொன்று. மறைவான உறுப்புகளுக்கும் பெயர் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரியாத குழந்தையால் யார் எங்கே தொட்டார்கள் என்று சொல்ல முடியாது. அப்படி ஏதாவது நடந்தால் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

கர்ப்பப்பை விஷயத்துக்கு வருகிறேன். 1994-இல் மகாராஷ்டிராவில் ஷிரூர் அரசு இல்லத்துப் பெண்களுக்குப் புனேயில் இப்படித்தான் அறுவை செய்தார்கள். சுத்தம் காக்கத் தெரியாது என்பதுதான் காரணம். நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. கர்ப்பப்பையை எடுத்தால் உதிரம் நிற்கும், தப்பான கை நிற்காது. நடந்ததும் வெளியே தெரியாமல் போகும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கருத்தரிக்க முடியாமல் செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் அந்தப் பெண்ணே புரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும். சொந்தக்காரர்கள் முடிவு செய்கிற காரியமல்ல அது.

போன் செய்தவள் ஞாயிற்றுக்கிழமை மகளோடு வருகிறாள். பட அட்டைகளைத் தூசு தட்டி வைத்திருக்கிறேன், ஓரம் கொஞ்சம் கரையான் அரித்திருக்கிறது. வேறு யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், நகல் எடுத்து வைக்கிறேன்.