குமிழியில் நால்வர்

சூதைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. சொல்லவேண்டியதை எல்லாம் வள்ளுவர் பத்துக் குறளில் சொல்லி முடித்துவிட்டார். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே 94ஆம் அதிகாரமாக நிற்கும் அதை ஆண்டுதோறும் இளங்கலை வகுப்பில் நடத்துகிறேன். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள், யாரும் கேள்வி கேட்பதில்லை. கேள்வி எனக்குத்தான். அந்த அதிகாரத்தின் முதல் எச்சரிக்கை தோற்பதைப் பற்றியதே அல்ல, வெல்வதைப் பற்றியது. சூதில் வரும் வெற்றியை, மீன் விழுங்கும் தூண்டில் இரையோடு வைத்துப் பார்க்கிறார். தோற்கிறவனுக்குப் புத்தி சொல்ல எல்லோராலும் முடியும். கணக்குப் போட்டுத் தொடர்ந்து வெல்கிறவனிடம் என்ன சொல்வது?

அப்படி ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்தார். பெரியப்பா மகன். நியூ ஜெர்சியில் மென்பொருள் வேலையில் இருந்தவர், 2004இல் இணையப் போக்கர் ஆடத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் டென்னசி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் சிறு தொகை கட்டி வென்ற தகுதிச் சீட்டோடு லாஸ் வேகாஸ் போய் உலகப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் வாங்கியிருந்தார். (மணிமேக்கர் என்பது அவருடைய இயற்பெயர்தான். நாவலில் வைத்திருந்தால் நம் விமர்சகர்கள் ஆசிரியரை விட்டிருக்கமாட்டார்கள்.) அமெரிக்காவில் பாதிப்பேர் கணிப்பொறி முன் சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அண்ணனை இழுத்தவை பெரும் போட்டிகள் அல்ல. ஒரே மேசை, பத்துப் பேர், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் 'சிட் அண்ட் கோ' என்ற சிறு போட்டிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அதை எனக்கு விளக்குவார். எனக்குச் சீட்டில் ரம்மிக்கு மேல் தெரியாது. ஆனாலும் அந்த விளக்கங்களில் ஒரு யாப்பிலக்கண ஒழுங்கு இருந்தது, கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் இதுதான். பத்துப் பேர் ஆளுக்குப் பத்து டாலர் பரிசுத்தொகைக்கும் ஒரு டாலர் தளத்துக்குக் கட்டணமாகவும் கட்டுகிறார்கள். ஆளுக்கு 1500 சில்லுகள். சுற்றுக்குச் சுற்று இருவர் கட்டாயமாக வைக்கவேண்டிய தொகைக்கு பிளைண்ட் என்று பெயர். 10, 20 என்று தொடங்கிச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே போகும். சில்லு தீர்ந்தவர் வெளியே. கடைசிவரை நிற்பவருக்கு 50 டாலர், இரண்டாமவருக்கு 30, மூன்றாமவருக்கு 20. நான்காவதாக வெளியேறுகிறவருக்கு ஒன்றுமில்லை. நால்வர் மீந்திருக்கும் அந்தக் கட்டத்தை ஆங்கிலத்தில் 'பபிள்' என்கிறார்கள். நீர்க்குமிழி. நிலையாமைக்கு நம் புலவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த உவமை, சீட்டாடிகளின் கையில் ஒரு கலைச்சொல்லாகி இருந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இந்தக் குமிழிதான் விஷயமே. நால்வரிடமும் சமமாக 3750 சில்லுகள் இருப்பதாகக் கொள்வோம். பரிசு நூறு டாலர், ஆளுக்கு மதிப்பு 25 டாலர். இப்போது ஒருவர் தன்னிடமுள்ள அத்தனையையும் நடுவே தள்ளுகிறார். நீங்களும் தள்ளி, வென்றால் உங்களிடம் 7500 சில்லு. சில்லு இரட்டிப்பாயிற்று, மதிப்பு இரட்டிப்பாகி 50 டாலர் ஆகுமா? ஆகாது. 38 டாலர் 33 சென்ட்தான். ஏனென்றால் மேசையிலுள்ள எல்லாச் சில்லையும் வாரினாலும் உங்களுக்கு 50க்கு மேல் கிடையாது. மீதி 50 மற்றவர்களுக்கென்று முன்பே எழுதிவைத்தது. தோற்றாலோ 25ம் போயிற்று. ஆகவே வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 65க்கு மேல் இருந்தால்தான் மோதலாம். பிளைண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் இது சற்றே இறங்குமே தவிர, பாதிக்கு அருகில் வராது. எதிராளி சீட்டைப் பார்க்காமலே தள்ளுகிறார் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியும். கையில் ஜோடி ஐந்து இருக்கிறது. வெல்லும் வாய்ப்பு சுமார் 60. அப்போதும் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். பத்தில் ஆறு முறை வெல்லக்கூடியதை விட்டுக்கொடுப்பதற்கு எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று அண்ணன் பெருமையோடு சொல்வார்.

என்னை உறுத்தியது வேறு. மோதிய இருவரின் கூட்டு மதிப்பு முன்பு 50. மோதலுக்குப் பின் 38.33. மீதி 11.67 எங்கே போயிற்று? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மற்ற இருவரிடம். அவர்கள் ஒரு சீட்டும் தொடவில்லை. ஆளுக்கு 25 டாலராக இருந்தது 30.83 ஆகிவிட்டது. துறைத்தலைவர் பதவிக்கு இரண்டு பேராசிரியர்கள் மோதிக்கொண்டதைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் அதைச் சென்ட் சுத்தமாக எழுதிக் காட்டமுடியும் என்பது எனக்குப் புதிதுதான்.

இந்தக் கணக்கு சீட்டாட்டத்திலிருந்து பிறந்ததல்ல. பல குதிரைகள் ஓடும் பந்தயத்தில் இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கான வாய்ப்பை எப்படி மதிப்பிடுவது என்று டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியலாளர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். அதே வழியை மேசன் மால்முத் 1987இல் போக்கருக்குக் கொண்டுவந்தார். குதிரைக் கணக்கு சீட்டுக் கணக்காயிற்று. இதைக் கேட்டபோது எனக்கு நளன் நினைவு வந்ததில் வியப்பில்லை. மகாபாரதத்தில் தேரோட்டி வேடத்திலிருக்கும் நளனுக்கு அயோத்தி மன்னன் ருதுபர்ணன் ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் தேரில் இருந்தபடியே எண்ணிச் சொல்கிறான். நளன் மரத்தை வெட்டி எண்ணிப் பார்க்கிறான், கணக்குச் சரியாக இருக்கிறது. உடனே பண்டமாற்று நடக்கிறது: குதிரையின் மறையை நளன் கொடுக்க, சூதின் மறையை ருதுபர்ணன் கொடுக்கிறான். தான்றிக்காய்தான் அந்நாளில் சூதாடு காய் என்பதையும் சேர்த்து யோசித்தால் கதைசொல்லியின் குறும்பு புரியும். நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹாக்கிங் 1975இல் வந்த தன் நூலில் இந்த இடத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார். நம்மவர்கள் நளனின் துயரத்தைப் பாடிய அளவுக்கு அந்தத் தான்றி மரத்தடியில் நிற்கவில்லை என்பது என் எண்ணம்.

மற்ற உத்திகளை விரைந்து சொல்லிவிடலாம். தொடக்கச் சுற்றுகளில் ஏறக்குறைய ஒன்றும் செய்யக்கூடாது. முதல் கையிலேயே 1500ஐ 3000 ஆக்கினாலும் பத்து டாலர் மதிப்பு பதினெட்டைத்தான் ஒட்டி வரும். நல்ல சீட்டுக்குக் காத்திருந்து, அவசரக்காரர்கள் ஒருவரையொருவர் தின்று முடிக்கும்வரை பொறுத்திருப்பது. பிளைண்ட் ஏறி, கையிருப்பு பெரிய பிளைண்டைப் போலப் பத்து மடங்காகச் சுருங்கியதும் நயமான ஆட்டத்துக்கு இடமில்லை: எல்லாவற்றையும் தள்ளு, இல்லாவிட்டால் விலகு. தள்ளுகிறவனுக்கு இரண்டு வழியில் வெற்றி. எதிராளி பயந்து விலகலாம், அல்லது மோதித் தோற்கலாம். மோதுகிறவனுக்கு ஒரே வழிதான். ஆகவே தள்ளுவதற்குப் போதுமான சீட்டு மோதுவதற்குப் போதாது. டான் ஹாரிங்டனின் நூலும் 2007இல் வந்த காலின் மோஷ்மனின் நூலும் அண்ணன் மேசையில் இருந்தன. பின்னாளில் இந்தக் கணக்கை எல்லாம் மென்பொருளே சொல்லிக்கொடுத்து, எல்லோரும் ஒரேமாதிரி ஆடத் தொடங்கியதும் இந்தச் சிறு போட்டியின் உயிர் போய்விட்டது.

வெற்றியின் அளவையும் சொல்லவேண்டும். முதல் மூன்று இடங்களும் சமமாக வாய்க்கும் என்று கொண்டால் சராசரிப் பரிசு 33 டாலர் 33 சென்ட், கட்டுவதோ 11. எந்தத் திறமையும் இல்லாதவர் நூற்றுக்கு முப்பது முறை பரிசு பெறுவார். கைநட்டம் இல்லாதிருக்க முப்பத்துமூன்று முறை பெறவேண்டும். முப்பத்தாறு முறை பெறுகிறவர் திறமைசாலி. அவருடைய ஊதியம் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு டாலர். அந்தத் திறமைசாலியும் நூறு ஆட்டத்துக்குப் பிறகு நட்டத்தில் இருக்கப் பத்தில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. தன் திறமை மெய்யா பொய்யா என்று அறிய ஒருவனுக்குப் பல்லாயிரம் ஆட்டங்கள் வேண்டும். திறமையா, வாய்ப்பா என்று நீதிமன்றங்களில் நடக்கும் வாதத்தில் இரு தரப்புமே உண்மை பேசுகின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், போக்கரையும் ரம்மியையும் வாய்ப்பாட்டங்களின் பட்டியலில் வைத்த தமிழக அரசின் செயல் செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்து இணையத்தில் ஆடும் எந்த ஆட்டத்திலும் இந்தப் பாகுபாட்டையே பொருட்படுத்தவில்லை.

அண்ணன் 2007இல் பச்சை அட்டை கைக்கு வந்ததும் வேலையை விட்டார். ஐம்பது டாலர் மேசைகள், ஒரே சமயத்தில் எட்டு. மறு ஆண்டு, கும்பகோணத்து வீட்டின் ஓட்டைப் பிரித்துக் கூரை போடப் பணம் அனுப்பினார். பெரியம்மா என்னை வரச்சொன்னார்.

"ஏம்ப்பா, குறள் நடத்துறவன் நீ. இது சூதா, இல்லையா?"

"கணக்குப் போட்டுத்தான் ஆடுறார் பெரியம்மா. திறமை வேணும் அதுக்கு."

"கணக்குப் போடாம எந்தத் திருடனும் கன்னம் வைக்கறதில்ல. தோக்கறவங்க யாரு?"

ஒரு மேசைக்கு அவர்கள் கட்டுவது அந்த ஊரில் குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவு என்று சொன்னேன். அவர் சற்று நேரம் கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வேளைதானா, தெனமுமா?"

கூரை போடவில்லை. பணத்தை வைப்புநிதியில் போட்டுவரச் சொல்லி என்னிடமே கொடுத்தார்.

அண்ணனிடம் அந்தக் கேள்வியைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மின்னஞ்சலில் ஒரு கோப்பு அனுப்பினார். எதிராளிகளைப் பற்றிக் குறிப்பு எழுதிவைக்கத் தளத்திலேயே ஒரு சிறு கட்டம் உண்டு. எந்த மேசையில் எளிய ஆட்கள் இருக்கிறார்கள் என்று தேர்ந்து உட்காருவதும் உத்தியில் பாதி. நான்காண்டுக் குறிப்புகளை, புனைபெயர்களை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பியிருந்தார். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய தளங்களை முடக்கியதும், ஒரு தளத்தில் சிக்கிய சேமிப்பு அவர் கைக்கு வர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆனதும், அவர் மறுபடி மென்பொருளுக்குப் போனதும் பின்னால் நடந்தவை. கோப்பு என்னிடம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வரி, இரண்டு வரி. நல்ல சிறுகதையாசிரியர் ஒருவரின் குறிப்பேடு போல இருக்கும். "ராணி வந்தால் விடமாட்டார்." "குமிழியில் நடுங்குவார், தள்ளிக்கொண்டே இரு." "நள்ளிரவுக்குமேல் நன்றாக எழுதுவார், மோசமாக ஆடுவார். மனைவி ஊரில் இல்லையாம்." ஒருவரைப் பற்றி மட்டும் தேதியிட்டு ஆறு குறிப்புகள். முதல் நான்கும் ஆட்டத்தைப் பற்றியவை. ஐந்தாவது: "இப்போதெல்லாம் பகலிலும் வருகிறார்." ஆறாவது: "20 டாலர் மேசைக்கு இறங்கிவிட்டார். பின்தொடர வேண்டாம்."