மணலின் கடற்செலவு

மணலூர்பேட்டை தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த ஊர். தைத் திங்களில் நிகழும் ஆற்றுத் திருவிழாவிற்குத் திருவண்ணாமலையினின்று அண்ணாமலையார் இங்கு எழுந்தருள்வார். அன்று மக்கள் மிதித்து நிற்கும் மணல் என்றும் அவ்விடத்தே நிலைத்திருப்பதன்று. வெள்ளம் அதனைச் சிறிது சிறிதாக உருட்டிச் சென்று, கடலூருக்கு வடக்கே கடலிற் சேர்க்கிறது.

ஆங்குத் தொடங்குகிறது மணலின் கடற்செலவு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குதலால் மணல் வடக்கு நோக்கி நகரும். வடகிழக்குப் பருவத்தில் ஓரளவு தெற்கே திரும்பும். கரையை ஒட்டிப் பாய்விரித்துச் செல்லும் படகு துறைதோறும் தங்குவதுபோல, மணலும் தங்கித் தங்கிச் செல்லும். புதுச்சேரியில் பயணிகள் உலாவி மகிழ்ந்த கடற்கரை அத்தகைய தங்கலால் விளைந்ததே.

1980களில் அந்நகருக்குத் தெற்கே துறைமுகத்தின் பொருட்டு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணல் சுவருக்குத் தெற்கே குவிந்தது. வடக்கே கடல் கரையை அரித்தது. மணல் கிடந்த இடத்தில் கருங்கற்களைக் கொட்ட நேர்ந்தது. 2018இல் கடலுள் எஃகுத் தடுப்பொன்றை இட்ட பின்னரே கரையின் ஒரு பகுதியில் மணல் மீண்டது.

ஆற்று மணலை வரம்பின்றி அள்ளுவோர், உள்நாட்டு ஊரொன்றின் பொருளையே எடுப்பதாக எண்ணுவர். ஆயின், அவர் எடுப்பது நெடுந்தொலைவில் வாழும் மீனவர் வீட்டு முற்றமும் ஆகும்.