நூறாம் நம்பர் சட்டை

கோவை ஒப்பணக்கார வீதியில் துணி எடுப்பவர்கள், தைக்கக் கொடுக்கப் பின்னாலுள்ள சந்துகளுக்குள் நுழைவார்கள். அப்படி ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே மூன்று மெஷின்கள் போட்ட கடை அது. மாஸ்டருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். சன்ன ரகப் பருத்தியில் சட்டை தைப்பதைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும், "உக்காருங்க தம்பி, நூறாம் நம்பர் ஒண்ணு இன்னிக்கு வெட்டோணும்" என்றார்.

நம்பர் என்பது நூலின் சன்னத்தைச் சொல்லும் கணக்கு. ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனையோ, அதுதான் நம்பர். நூறாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 84,000 கெஜம், ஏறக்குறைய 77 கிலோமீட்டர். நீள இழைப் பஞ்சில்தான் இப்படி நூற்க முடியும். அந்த வகையில் பேர்போன சுவின் ரகம் இதே கோவையில் உருவாகி 1974-இல் வெளிவந்தது. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரு பருத்திகளின் ஒட்டு அது.

துணியை முந்தின நாளே நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு வைத்திருந்தார். பருத்தி சுருங்கும். தைத்த பிறகு துணி ஒரு அளவும் உள்ளே வைத்த கேன்வாஸ் இன்னொரு அளவும் சுருங்கினால் காலர் முழுக்கக் கொப்புளம் கிளம்பிவிடும். முழுக்கைச் சட்டைக்கு 58 அங்குல அகலத்தில் 1.60 மீட்டர் துணி. இளநீலக் கோடு போட்டது. பாக்கெட் கோடு நெஞ்சுக் கோட்டோடு சேரும்வரை துண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் சாக்பீஸை எடுத்தார்.

தைத்தவர் இருபது வருடமாக அங்கே இருக்கும் ஓர் அக்கா. மெஷினிலிருந்த தடித்த ஊசியைக் கழற்றிவிட்டு 11-ஆம் நம்பர் ஊசி மாட்டினார். தையலையும் பொடியாக்கினார். காலர் முனைக்கு வந்ததும் காலை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினார். முனையில் குறுக்காக ஒரு தையல்; அதற்குள் ஒரு நூலை மடித்து வைத்து, மறுபக்கம் தைத்து முடித்தார். ஓரத்துணியை ஒட்ட நறுக்கி, காலரைப் புரட்டி, அந்த நூலைப் பிடித்து இழுத்தார். முனை கூர்மையாக வெளியே வந்தது. மறுமுனையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். மயிரிழை வித்தியாசம் இல்லை.

"கோணிருச்சுன்னா பிரிச்சுத் தைக்க மாட்டீங்களா அக்கா?"

"முரட்டுத் துணின்னா பிரிக்கலாங்க. இதுல ஊசி போன ஓட்டை அப்படியே நிக்கும்."

பிரித்துத் தைக்க முடியாது என்ற பதற்றத்தை அன்று முழுக்க அவர் தோளில் பார்த்தேன். ஒவ்வொரு தையலும் ஒரே முறைதான் என்று தெரிந்து வேலை செய்வது லேசானதல்ல.

மாஸ்டர் இந்தத் தொழிலுக்குக் காஜாப் பையனாக வந்தவர். பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்டி, பிறகு கை, பிறகு காலர் என்று ஏறி, கடைசியில்தான் கத்தரி கைக்கு வந்தது. இப்போது காஜா மெஷின் அந்த முதல் படியை எடுத்துக்கொண்டுவிட்டது. கற்றுக்கொள்ள வருகிறவர்களும் திருப்பூர் ஆயத்த ஆடை ஆலைகளுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே காலர் வைப்பவர் வருடக்கணக்கில் காலர்தான் வைப்பார். ஒரு முழுச் சட்டை அவர் கையில் உருவாகாது. நிச்சயமான சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தச் சந்தில் மிச்சமிருப்பவர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

நான் இருக்கும்போதே ஒருவர் வந்தார். மீட்டர் ஆயிரத்துக்கு மேல் கொடுத்து எடுத்த துணி. அதற்குப் பேரம் பேசியிருக்க மாட்டார். தையல் கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பத்து நிமிடம் நின்றார். மாஸ்டர் குறைத்துக்கொண்டார்.

நல்ல துணி எடுத்தால் தையற்காரர் கேட்கிற கூலியைக் கொடுங்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே கொண்டுபோய்க் கொடுங்கள். இந்தத் துணியை அவசரத்தில் தைக்க முடியாது.