குத்தகைக்காரர் யார்?

தொழிற்சாலைக் கட்டடங்களையும் களஞ்சியங்களையும் வாங்கி, அவற்றை நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டு, கிடைக்கும் பணத்தைப் பங்காளர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் நிதியங்களை 'ரீட்' என அழைக்கிறார்கள். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் இவை 2002 ஆம் ஆண்டிலிருந்து உள்ளன. இலங்கையிலும் 2020 இல் இவற்றுக்கான விதிகள் வகுக்கப்பட்டன. வரிச்சலுகை பெறவேண்டுமாயின் சிங்கப்பூர் ரீட்கள் தமது வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 வீதத்தைப் பகிர்ந்தளிக்க வேண்டும். பங்காளருக்கு இது இனிப்பான செய்தி. ஆனால், வாடகை நின்றுபோனால் தாங்கிப்பிடிக்கப் பெரிய கையிருப்பு இராது என்பதும் அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது.

சிங்கப்பூரில் தொழில் புரியும் என் அக்காளின் மகன், தன் சேமிப்பில் ஒரு பகுதியை இத்தகைய நிதியமொன்றில் இடலாமா என்று அண்மையில் என்னிடம் கேட்டான். "கட்டடம் எங்கே ஓடிவிடப் போகிறது, மாமா?" என்பது அவனது வாதம். கட்டடம் ஓடாதுதான், குத்தகைக்காரர் போய்விடலாம் அல்லவா? நான் நிதித்துறை அறிஞன் அல்லன். ஆயினும் பதுளையில் பிறந்து, தோட்டச் செய்திகளைப் பல்லாண்டு எழுதியவன் என்ற வகையில் குத்தகை பற்றிச் சிலவற்றைக் கூற முடியும். ஊவாவின் பெருந்தோட்டங்களைப் போலக் குத்தகையின் இடர்களை வெளிப்படையாகக் காட்டும் இடம் வேறில்லை.

1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. நட்டம் பெருகவே, 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாக்கப்பட்டு, நிர்வாகம் மட்டும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தனியாரிடம் கையளிக்கப்பட்டது. ஐந்தாண்டுக்காரர் எவராவது தேயிலையை மீள்நடுகை செய்வாரா? கன்று நட்டுக் கொழுந்து பறிக்கவே மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும். இதை உணர்ந்த அரசு 1995 முதல் கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகளைத் தனியாருக்கு விற்றது. நிலம் அரசிடமே இருக்க, குத்தகைக் காலம் 53 ஆண்டுகளாக வரையறுக்கப்பட்டது. தொடக்கத்தில் தோட்டமொன்றுக்கு ஆண்டு வாடகை வெறும் 500 ரூபா; பின்னர் அது கணிசமாக உயர்த்தப்பட்டு, பணவீக்கத்தோடு இணைக்கப்பட்டது.

அந்தக் குத்தகை 2045 இல் முடிவடைகிறது. அந்த ஆண்டு நெருங்க நெருங்க, நீண்டகாலச் செலவைச் செய்யக் குத்தகைக்காரர் தயங்குவார். தேயிலைச் செடியும் முதுமையடையும். சிங்கப்பூர்த் தொழிற்சாலைகள் பலவும் இவ்வாறே அரச நிலத்தில், பெரும்பாலும் 30 அல்லது 60 ஆண்டுக் குத்தகையில் நிற்கின்றன. எனவே நிதியம் 'வாங்கிய' கட்டடம் என்பது உண்மையில் எஞ்சியுள்ள ஆண்டுகளை வாங்கியதே. எத்தனை ஆண்டுகள் எஞ்சியுள்ளன என்பதை ஆண்டறிக்கையில் முதலில் பார்க்கவேண்டும்.

அடுத்தது கட்டடத்தின் இயல்பு. ஹப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்ன தொழிற்சாலை 1890 இல் லிப்டன் கட்டியது. கொழுந்தை வாட்டுவதற்கென்றே அமைந்த நீண்ட மேல்தளங்கள் கொண்ட இத்தகைய கட்டடத்தை, தேயிலைத் தொழில் இல்லையென்றால், யார் வாடகைக்கு எடுப்பார்? நுவரெலியா மாவட்டத்தில் கந்தப்பளையின் ஹெதர்செட் தொழிற்சாலை உல்லாச விடுதியாக மாறி மறுவாழ்வு பெற்றது. அந்த நல்லூழ் எல்லாவற்றுக்கும் வாய்ப்பதில்லை. ஒரே குத்தகைக்காரர், ஒரே பயன்பாடு என்றமைந்த கட்டடத்தின் நிலை இதுதான்.

சிங்கப்பூரில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2010 நவம்பரில் பட்டியலிடப்பட்ட சபானா என்னும் தொழில்துறை ரீட், கட்டடங்களை விற்றவர்களுக்கே அவற்றை மொத்தமாகக் குத்தகைக்குக் கொடுத்திருந்தது. 2013 நவம்பரில் அவற்றுட் சில குத்தகைகள் முடிவடைந்தபோது எல்லோரும் புதுப்பிக்கவில்லை. கட்டடங்களைப் பகுதி பகுதியாகப் பலருக்கு வாடகைக்கு விட நேர்ந்தது. பங்காளருக்குக் கிடைத்த தொகை குறைந்தது. விற்றவரே குத்தகைக்காரராக இருக்கும்போது, அவர் தரும் வாடகை சந்தை வாடகைதானா என்று கேட்பது நன்று.

மூன்றாவது, குத்தகைக்காரரின் தொழில். 2021 இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, அவ்வாண்டு நவம்பரில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. சம்பள உயர்வு நியாயமானதே. என் அனுதாபம் எப்போதும் தொழிலாளர் பக்கமே. ஆயினும் நிலத்தின் சொந்தக்காரராகிய அரசே குத்தகைக்காரரின் வருமானத்தையும் செலவையும் தீர்மானிக்க வல்லது என்பதை ஒரே ஆண்டில் கண்டோம். ஒப்பந்தம் எவ்வளவு உறுதியாக எழுதப்பட்டிருந்தாலும், தொழில் தளர்ந்தால் வாடகையும் தளரும்.

இவையாவும் ஆண்டறிக்கையில் தேடினால் கிடைக்கும். அதில் இடம்பெறாதவர்களும் உள்ளனர். அரசு நிலத்தைக் கம்பனிக்குக் கொடுத்தது. கம்பனியின் தோட்டத்து லயங்களில் தொழிலாளர் குடியிருக்கிறார்கள். தலைமுறைகளாக வாழ்ந்தும் அவர்களுட் பெரும்பாலோரின் கையில் காணி உறுதியில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அவர்களை இடம்மாற்றும் கடமை நிலத்தின் சொந்தக்காரருக்கா, குத்தகைக்காரருக்கா என்ற கேள்விக்கு மலை காத்திருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் உயிர்களைக் காவுகொண்டன.

ரீட்களில் பணம் இடவே கூடாது என்று நான் கூற வரவில்லை. பல குத்தகைக்காரர், பல தொழில்கள், வெவ்வேறு ஆண்டுகளில் முடியும் ஒப்பந்தங்கள் என்றமைந்த நிதியத்தில் சேமிப்பின் ஒரு சிறு பகுதியை இடுவதில் தவறில்லை. வாடகை செலுத்துபவர் யார், அவர் போனால் அடுத்து யார் வருவார், நிலத்தில் எத்தனை ஆண்டுகள் எஞ்சியுள்ளன என்பவற்றைக் கேட்டறிந்தபின் இடுங்கள். அந்தக் கட்டடத்தில் வேலை செய்பவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பங்கின் விலையை அது மாற்றாமற்போகலாம்; ஆனால் நமக்கு வரும் வருமானம் யாருடைய உழைப்பிலிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்ளலாம்.