பட்டியலில் ஏறாத பெயர்கள்

குற்றம் புரிந்தவன் தண்டனையை அனுபவித்து முடித்தபின் அவனுக்குத் திரும்பக் கிடைப்பவை எவை, கிடைக்காதவை எவை? இது சட்ட நூல்களில் மிகப் பழைய கேள்வி. மதரஸாவில் ஓதிய நாளில் இதனை நாம் ஓர் இலக்கணச் சிக்கலாகவே முதலில் சந்தித்தோம். கற்புடைய பெண்மீது அவதூறு சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொணராதவனுக்கு 80 கசையடி, அதன்பின் அவனது சாட்சியம் ஏற்கப்படாது, அவன் பாவி, தவ்பாச் செய்து திருந்தியவர் நீங்கலாக என்பது திருமறை விதிக்கும் சட்டம். இந்த ‘நீங்கலாக’ எதனைத் தழுவும்? கடைசியில் வரும் ‘பாவி’ என்பதை மட்டுமே என்றனர் ஹனஃபி மத்ஹபினர். எனவே, திருந்தினாலும் அவனது சாட்சியம் செல்லாது. சாட்சிய மறுப்பையும் சேர்த்தே தழுவும் என்றனர் ஷாஃபிஈ மத்ஹபினர். எனவே, திருந்தியவனின் சாட்சியம் செல்லும். இவ்விருவருள் கடுமையான பக்கத்தில் நின்றவர்களும் நம்பிக்கைக்குரிய ஓரிடத்தைத்தான் அவனுக்கு மறுத்தார்கள். கடைத்தெருவில் அவன் வாய் திறக்கலாகாது என்று சொல்லவில்லை.

அமெரிக்க நாட்டின் வழக்கொன்றைப் படித்தபோது அந்தப் பழைய பாடம் நம் நினைவில் எழுந்தது. அங்கே பாலியல் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டோரின் பெயர்களை ஒவ்வொரு மாநிலமும் பதிவேட்டில் வைத்துள்ளது. இளைஞர்கள் பெருந்திரளாகக் கூடிய மைஸ்பேஸ் என்னும் சமூக வலைத்தளம் தன் உறுப்பினர்களை அப்பதிவேடுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தது. 2007-இல் 29,000-க்கும் மேற்பட்டோர் அகப்பட்டனர். 2009-இல் அத்தொகை ஏறத்தாழ 90,000 என அறிவிக்கப்பட்டது. அனைவரும் நீக்கப்பட்டனர். பேஸ்புக்கும் இத்தகையோரைத் தன் விதிகளாலேயே விலக்கியது.

வட கரோலினா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. சிறுவர்கள் உறுப்பினராகக் கூடிய சமூக வலைத்தளங்களைப் பதிவேட்டில் உள்ளோர் அணுகுவதே குற்றம் என 2008-இல் சட்டம் இயற்றியது. அதன்கீழ் வழக்குக்கு உள்ளானோர் 1,000 பேருக்கும் மேல். அவர்களுள் ஒருவர் 2002-இல், தமது 21-ஆம் வயதில், 13 வயதுச் சிறுமியிடம் தகாத முறையில் நடந்து தண்டனை பெற்றவர். 2010-இல் அவர்மீதிருந்த போக்குவரத்து வழக்கொன்று தள்ளுபடியாயிற்று. மகிழ்ச்சி மிகுதியால் இறைவனைப் புகழ்ந்து பேஸ்புக்கில் சில வரிகள் எழுதினார். எந்தச் சிறுவரையும் அவர் தொடர்பு கொண்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. அங்கே அவர் எழுதியதே குற்றமாயிற்று.

அவ்வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2017 ஜூன் மாதத்தில், தீர்ப்பளித்த எட்டு நீதிபதிகளும் அச்சட்டம் செல்லாது என்றனர். மக்கள் செய்தி அறிவதும், வேலை தேடுவதும், கருத்துரைப்பதும் இன்று இத்தளங்களில்தான். அங்கிருந்து ஒருவரை முற்றாக விலக்குவது பேச்சுரிமையைப் பறிப்பதாகும் என்றார் தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடி. ஆயினும், சிறுவர்களைத் தேடித் தொடர்பு கொள்ளும் செயலைக் குறிப்பாகத் தடுக்கும் சட்டத்திற்கு இடமுண்டு என்பதையும் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. மேலும், அத்தீர்ப்பு அரசின் கையைத்தான் கட்டியது; தனியார் நிறுவனம் தன் வாசலில் வைக்கும் காவலை அது அகற்றவில்லை.

இச்செய்தியை நம் பாடசாலையில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் ஓர் அன்பரிடம் சொன்னோம். அவர் முகம் சிவந்தது. “ஹஜ்ரத், பெண் பிள்ளையைப் பெற்றவன் நான். அவன் உரிமையைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்? பெயரைப் பார்த்து வெளியே தள்ளினால் தீர்ந்தது!” என்றார்.

அவரது கோபத்தில் நியாயம் உண்டு. பிள்ளையின் பாதுகாப்புக்கும் குற்றவாளியின் வசதிக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், நாமும் பிள்ளையின் பக்கமே நிற்போம். ஆனால் ‘தீர்ந்தது’ என்ற சொல்லைத்தான் நம்மால் ஏற்க இயலவில்லை. சொந்தப் பெயரில் சேர்ந்தவனைப் பதிவேடு காட்டிக்கொடுக்கும். பொய்ப் பெயரில், பொய் வயதில் வருபவனை அது எங்ஙனம் அறியும்?

இதனினும் பெரிய உண்மை ஒன்றுண்டு. அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு, காவல்துறைக்கு வந்த புகார்களை ஆராய்ந்து 2000-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி, பாதிக்கப்பட்ட சிறுவர்களுள் ஏறத்தாழ 34 விழுக்காட்டினருக்குத் தீங்கு செய்தவர்கள் குடும்பத்தினர். 59 விழுக்காட்டினருக்கு அறிமுகமானவர்கள். முன்பின் அறியாதவரால் துன்புற்றோர் 7 விழுக்காடே. வீட்டுக்குள்ளும் அண்டையிலும் பள்ளியிலும் நடமாடும் இந்த அறிமுகமான மனிதரின் பெயர், அவர் முதன்முறை பிடிபடும்வரை எந்தப் பட்டியலிலும் இராது.

நம் நாட்டிலும் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018-இல் தொடங்கப்பட்டது. 4,40,000-க்கும் மேற்பட்ட பதிவுகளுடன் தொடங்கிய அதனைச் சட்ட அமலாக்கத் துறையினர் மட்டுமே காண இயலும். பொதுமக்கள் கண்ணுக்குத் திறந்த அமெரிக்க வழியும், மூடிவைத்த நம் வழியும் ஓரிடத்தில் ஒன்றே. பட்டியலில் ஒரு பெயர் ஏற வேண்டுமானால், முதலில் ஒரு பிள்ளை வாய் திறக்க வேண்டும்; அதனை ஒரு பெரியவர் நம்ப வேண்டும்; நம்பியவர் புகார் எழுத வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் பட்டியல் வெறுந்தாளே.

தவறுவது எங்கே என்பதை வாசகர்கள் அறிவார்கள். “ஊர் என்ன சொல்லும்?”, “பிள்ளையின் திருமணம் என்னாகும்?”, “நிறுவனத்தின் பெயர் கெடுமே!” இந்த மூன்று சொற்களே எத்தனையோ பெயர்களைப் பட்டியலில் ஏறாமல் காத்து நிற்கின்றன. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இந்த மௌனத்தையே குற்றமாக்கியது. தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையுண்டு.

ஓதிக்கொடுப்போருக்கும் இதில் விலக்கில்லை. தலைப்பாகையும் தாடியும் பட்டமும் எவருக்கும் நற்சான்று ஆகிவிடா. நமது பாடசாலையில் பாடவேளையில் அறைக்கதவு மூடப்படுவதில்லை. ஆசிரியர் எவரும் பிள்ளைகளின் கைப்பேசிக்குத் தனித்துச் செய்தி அனுப்புவதில்லை. நம்மையும் சேர்த்தே இவ்விதி. “எங்களைச் சந்தேகிக்கிறீர்களா?” என்று இளம் ஆசிரியர் ஒருவர் வருந்தினார். அமானிதப் பொருளுக்குக் கணக்கு எழுதுவது பொறுப்பேற்றவரை இழிவுபடுத்துவதாகாது என்று கூறினோம்.

குற்றவாளியைப் பிள்ளைகளை விட்டு விலக்கி வைப்பது கடமை. அவனைப் பேச்சுலகிலிருந்தே துரத்துவது கடமையாகாது. நிறுவனங்கள் தம் வாசலைக் காக்கட்டும். அரசு குறிவைத்துச் சட்டம் இயற்றட்டும். இவ்விரண்டும் நடந்தபின்னும் எஞ்சுவது ஒரு வேலை. பிள்ளை தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொல்லும்போது, அப்பெயர் நமக்கு எவ்வளவு வேண்டியவருடையதாயினும், காது கொடுத்துக் கேட்பது. அதனை எந்த வலைத்தளமும் நமக்காகச் செய்து தராது.