ஒத்திகை இல்லாத ராத்திரி

மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவில் அந்த நாடக ஏஜென்ட்டின் அறைக்குள் நிற்க இடமில்லை. பங்குனி பிறந்துவிட்டது. மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்களைப் பார்த்து ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ராஜபார்ட் இவர், ஸ்திரீபார்ட் அந்த அம்மா, பபூன் போன வருசம் வந்தவரே வரட்டும், ஆர்மோனியம் மட்டும் நல்ல ஆளாப் போடுங்க. என்ன நாடகம் என்ற பேச்சு கடைசியில்தான் வந்தது. அதற்குள் ஏஜென்ட் ‘வள்ளி திருமணம்’ என்று எழுதியே முடித்திருந்தார்.

ஸ்பெஷல் நாடகம் இப்படித்தான் கூடுகிறது. கம்பெனி கிடையாது, டைரக்டர் கிடையாது. கலைஞர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒருவர் புதுக்கோட்டையிலிருந்து வருவார், இன்னொருவர் திண்டுக்கல்லிலிருந்து. அன்றைய வள்ளியும் அன்றைய முருகனும் மேடைக்குப் பின்னால்தான் முதல்முறையாகப் பார்த்துக்கொள்வதும் உண்டு. ஒத்திகை எப்போது என்று கேட்டேன்.

“ஒத்திகையா? எல்லாருக்கும் பாடம் ஒண்ணுதானேண்ணே” என்றார் ஏஜென்ட், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

அந்தப் பாடத்தை எழுதியவர் அவர் தலைக்கு மேலே, மாலை போட்ட படத்தில் இருந்தார். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். இந்தத் தெருவில் யாரும் பெயரைச் சொல்வதில்லை, ‘சாமி’தான். இங்கேயே இருக்கும் நாடக நடிகர் சங்கத்தில் அவருக்குக் குருபூஜை நடக்கிறது. தமுக்கம் பக்கம் அவருக்குச் சிலையும் உண்டு. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அண்ணாந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. சுண்ணாம்புக்காரத் தெருவில் அவர் சிலையாகவில்லை. பாட்டுக்கும் வசனத்துக்கும் இன்றைக்கும் அவர்தான் முதலாளி.

அவர் மதுரைக்காரர் அல்ல. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தார். தகப்பனார் தாமோதரக் கணக்கப்பிள்ளையை ஊரார் ‘இராமாயணப் புலவர்’ என்பார்கள். தமிழை முதலில் அவரிடமும், பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் படித்தார். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதியவர், 24 வயதில் நாடகக் குழுவோடு புறப்பட்டுவிட்டார். எமன், சனீஸ்வரன், இராவணன், இரணியன் என்று உக்கிரமான வேடங்களே அவருக்கு வந்தன. சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியலில் குளத்தங்கரைக்குப் போனபோது, எதிரே வந்த கர்ப்பிணி ஒருத்தி பயந்து கீழே விழ, கரு கலைந்தது என்றும், அதோடு அவர் வேடம் கட்டுவதையே விட்டார் என்றும் சொல்வார்கள். நாடகக்காரர்கள் இதைச் சொல்லும்போது குரலில் பெருமையும் கலந்துவிடுகிறது. அப்படி வேடம் கட்டியவரய்யா!

வேடத்தை விட்டவர் காவி உடுத்திக் கோயில் கோயிலாகச் சுற்றினார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகனாகவே ஏற்றுக்கொண்டார். தாளக் கணக்கு அங்கே உடம்பில் ஊறியிருக்க வேண்டும். சுவாமிகளின் பாட்டைப் பாடிப் பார்த்தால் தெரியும்: சொல் விழுகிற இடத்தில்தான் தாளம் விழும். எழுதிவிட்டு மெட்டுக்கு ஆள் தேடியவர் இல்லை. எழுத்தும் மெட்டும் ஒன்றாகவே பிறந்திருக்கின்றன. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, சதி சுலோசனா, அபிமன்யு சுந்தரி என்று பட்டியல் நீளும். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டும் சிம்பலைனும்கூட அவர் கைக்குத் தப்பவில்லை. ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் உட்கார்ந்து எழுதி முடித்தார் என்பார்கள்.

மதுரையில் அவர் தொடங்கிய குழுவின் பெயர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. ஆண்டு 1918. பெயரில் உள்ள ‘பால’தான் கவனிக்க வேண்டியது. அது சிறுவர்களின் குழு. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் பயின்றார்கள். பின்னாளில் ஔவை சண்முகம் எனப்பட்ட டி.கே.சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. ஏன் சிறுவர்கள்? வளர்ந்த நடிகர்கள் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. மேடையில் ஒருவரை ஒருவர் மடக்குவதிலேயே விடிந்துவிடும், கதை நடுவழியில் நிற்கும். சிறுவன் என்றால் பாட்டைப் பிசகாமல் மனப்பாடம் செய்வான், சொன்ன இடத்தில் நிற்பான்.

அதாவது, ஸ்பெஷல் நாடகக்காரர்கள் எதைத் தங்கள் சாமர்த்தியமாக நினைக்கிறார்களோ, அதற்குக் கடிவாளம் போடத்தான் சுவாமிகள் சபையே தொடங்கினார். அவரையே இவர்கள் குருவாகக் கும்பிடுகிறார்கள். இது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியோடுதான் அந்தப் பெரியவர்களின் ஊர் நாடகத்துக்குப் போனேன்.

மேலூர் தாண்டி, அறுப்பு முடிந்த வயலுக்கு நடுவே கொட்டகை. பத்து மணிக்கு மேல் பபூன் வந்து அரை ஊரைச் சிரிக்க வைத்தார். மீதி அரை ஊர் அப்போதுதான் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தது. பபூனும் டான்ஸும் இரட்டை அர்த்தத்தில் இழுத்த இழுவையில் எனக்கு அலுப்புத் தட்டியது. பக்கத்தில் இருந்த பாட்டிக்குத் தட்டவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு நாரதர் வந்தார். தினைப்புனத்தில் வள்ளி. சுவாமிகளின் சபையில் பையன்தான் வள்ளி. இங்கே நாற்பது வயதைத் தாண்டிய அம்மா. குருவி விரட்டிப் பாடியபோது அவருக்கு வயதே தெரியவில்லை.

பிறகு தர்க்கம். இல்லறமா, துறவறமா. நாரதர் ஒரு கேள்வி போட்டார், வள்ளி அதைத் திருப்பிப் போட்டார். திருக்குறள் வந்தது, விலைவாசி வந்தது, அந்த ஊர்க் கண்மாய்கூட வந்தது. எதுவும் எழுதிவைத்ததில்லை. இதுபோலவே கஜகஸ்தானில் ‘அய்த்திஸ்’ என்று ஒன்று உண்டு: இரண்டு பாடகர்கள் தோம்ப்ராவை மீட்டிக்கொண்டு சபைக்கு நடுவே அந்தக் கணத்தில் கட்டிய பாட்டால் ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். 2015-இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஸ்தெப்பிப் புல்வெளிக்காரர் ஒருவரை இந்தக் கொட்டகையில் உட்காரவைத்தால், மொழி புரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று பிடித்துக்கொள்வார்.

நாரதர் விடுவதாக இல்லை. வள்ளியின் குரலிலும் சூடு ஏறிவிட்டது. நடிப்பா நிஜமா என்று சொல்ல முடியாத சூடு. கூட்டத்தில் ஒருவர் நாரதருக்காக விசிலடித்தார், பெண்கள் பக்கமிருந்து பதிலுக்குக் கைத்தட்டல். 1918-இல் சுவாமிகள் எதற்குப் பயந்தாரோ, அது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. அப்போது ஆர்மோனியக்காரர், யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு மெட்டின் முதல் பிடியை வாசித்தார். மிருதங்கம் சேர்ந்துகொண்டது. நாரதர் பாதி வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுப் பாட்டை எடுத்தார், வள்ளி அடுத்த அடியை வாங்கிக்கொண்டார். சண்டை போன இடம் தெரியவில்லை. கதை மறுபடி தினைப்புனத்துக்கு வந்துவிட்டது.

இடைவேளை டீயின்போது ஆர்மோனியக்காரரிடம் அதைக் கேட்டேன். “பேச்சு அவங்கவங்க சொத்து சார். எம்புட்டு வேணாலும் பேசலாம். பாட்டு சாமியோட சொத்து. நான் கட்டையைத் தொட்டா எல்லாரும் வந்துறணும்” என்றார்.

கலைஞர்களை அடக்க நினைத்தவருக்குக் கலைஞர்களே பூஜை செய்வதில் முரண் இருப்பதாக எனக்கு அதற்குப் பிறகு படவில்லை. எங்கே போனாலும் திரும்பி வருவதற்கு இடம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவ்வளவு தூரம் பேசுகிறார்கள். சுவாமிகளின் காலத்திலேயே சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் வசனத்தில் நாடகம் எழுதிப் பெரும்பெயர் எடுத்தார். இலக்கிய வரலாற்றில் அவருக்கு இடமும் கூடுதல். ஆனால் பங்குனியில் எந்தக் கிராமமும் முன்பணம் கொடுத்து அவர் நாடகத்தைக் கேட்பதில்லை.

சுவாமிகளின் கடைசி நாட்கள் கொடுமையானவை. பக்கவாதம் வந்து பேச்சு போனது. ஆயிரக்கணக்கில் பாட்டுக் கட்டிய மனிதர் வாய் பேசாமல் தன் பையன்களின் சபையோடு ஊர் ஊராகப் போனார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் இறந்தார். சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில்.

நாலு மணிக்கு முருகன் கிழவன் வேடத்தில் வந்தபோது தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பி உட்காரவைத்தார்கள். யானை வரும் கட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நேரமிருந்தது. ஆர்மோனியக்காரரின் செல்போனில் ஏஜென்ட்டின் அழைப்பு. நாளைக்கு சிவகங்கைப் பக்கம், பவளக்கொடி. “ராஜபார்ட் யாரு?” என்று ஒற்றைக் கையால் வாசித்தபடியே கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, “அவரோட வாசிச்சதில்லையே... சரி, வரச் சொல்லுங்க” என்று போனை வைத்தார்.